‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பகுதியை இரண்டு ஆண்டுகளாகக் கத்தரித்து ஒரு பழைய பேரேட்டில் ஒட்டி வைத்து வருகிறேன். சென்ற மாதம் வந்த கத்தரிக்காய்க் காரக்குழம்புக் குறிப்பில் வெந்தயம் கால் தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லிவிட்டு, எண்ணெய்க்கும் உப்புக்கும் மட்டும் ‘தேவையான அளவு’ என்று அச்சிட்டிருந்தீர்கள். ஒட்டி வைத்திருக்கும் மற்றக் குறிப்புகளைப் புரட்டினேன். ஒன்றில்கூட இந்த இரண்டுக்கும் அளவில்லை. கூடினால் பெரிய கெடுதல் செய்யாத வெந்தயத்தை அளந்து போடச் சொல்லும் நாம், உடம்பையும் பணப்பையையும் ஒருசேரப் பதம்பார்க்கும் எண்ணெயையும் உப்பையும் கண்ணளவுக்கு விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் பயின்னௌங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவன். சென்னைக்கும் மும்பைக்கும் கப்பலேறும் உளுந்தும் துவரையும் என் கண் முன்னால்தான் தராசில் ஏறி இறங்கின. ஒரு மூட்டையில் இங்குள்ள எடைக் கணக்கில் கால் வீசை குறைந்தாலும் முதலாளிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று மூட்டை தூக்குகிறவர்களிடம் நாளுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவன் வீட்டில் மாதம் எத்தனை வீசை எண்ணெய் செலவாகிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் என் மனைவிக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்து, உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னபோதுதான் முதன்முறையாகச் சமையற்கட்டுக்குள் கணக்குப் பார்க்கும் எண்ணத்தோடு நுழைந்தேன்.

“எவ்வளவு குறைக்க வேண்டும்?” என்று மருத்துவரைக் கேட்டபோது, உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்று சொல்கிறது, அதாவது தலைதட்டி ஒரு தேக்கரண்டி என்றார். அந்த ஒரு கரண்டிக்குள் குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே அடங்க வேண்டும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு 5 கிராம் வீதம் 30 நாளுக்கு 750 கிராம். இங்கே ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1.63 கிலோ என்பதால், மாதம் அரை வீசைகூட ஆகக்கூடாது. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது முழுதாக ஒரு வீசை. ஊறுகாய் போட்டதற்கும் மீன் கழுவியதற்கும் கொஞ்சம் கழித்தாலும், கடையில் வாங்கிய அப்பளத்திலும் கருவாட்டிலும் இருந்த உப்பு இந்தக் கணக்கில் சேராதது. வேண்டியதைப் போல் இரண்டு பங்கை நாங்கள் அறியாமலே தின்றுகொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இங்கே சமைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பர்மியர் ‘இனிப்புத்தூள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் சுவை உப்பு, அதாவது அஜினோமோட்டோ, இப்போது நம் ரசத்திலும் சாம்பாரிலும்கூட நுழைந்துவிட்டது. அதை நஞ்சு என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அதிலுள்ள சோடியம் சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதைப் போடுகிறவர்கள் அந்த அளவுக்கு உப்பைக் குறைப்பதில்லை. இரண்டையும் கொட்டுவதுதான் தவறு.

எண்ணெய்க் கதை இன்னும் நீளமானது. மாதம் இரண்டரை வீசை வாங்கிக்கொண்டிருந்தோம். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளுக்கு 27 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. பர்மியக் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் அது பதம் என்பார்கள். மூன்று தலைமுறை இந்த மண்ணில் வாழ்ந்ததில் அந்த ருசி நம் நாக்கிலும் ஏறிவிட்டது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்து நேரே வாணலியில் ஊற்றும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். ஊற்றுகிற கைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரிவதில்லை. வாணலி பெரிதானால் எண்ணெயும் தானாகக் கூடுகிறது. நான் ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கீரைப் பொரியலுக்கு என் மனைவி திங்கட்கிழமை ஊற்றியதற்கும் வியாழக்கிழமை ஊற்றியதற்கும் ஒன்றுக்கு இரண்டு வித்தியாசம் இருந்தது. “கைப்பக்குவம்” என்றாள். கைப்பக்குவம் உண்மைதான், ஆனால் அந்தக் கைக்கும் ஒரு நாளைக்கு அவசரம் இருக்கிறது, ஒரு நாளைக்குக் கோபம் இருக்கிறது.

நாங்கள் செய்த மாற்றம் மிகவும் சிறியது. வாயகன்ற ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒவ்வொரு நாள் காலையிலும் 6 மேசைக்கரண்டி எண்ணெயை அளந்து ஊற்றி அடுப்படியில் வைத்துவிடுகிறோம். பெரிய தகர டின் மேல் அலமாரிக்குப் போய்விட்டது. அன்றைய சமையல் முழுவதும் அந்தப் போத்தலுக்குள் முடிய வேண்டும்; ஒரு வேளைக்கு அதிகம் எடுத்தால் அடுத்த வேளைக்குச் சுண்டலோ கூட்டோ செய்துகொள்ள வேண்டும். முதல் பத்து நாள் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. என் மருமகள், “மாமா, கிடங்குத் தராசை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள்” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளே பொரியலுக்கு முதலில் காயை மூடி வைத்து ஆவியில் வேகவிட்டு, கடைசியில் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டப் பழகிக்கொண்டாள். வாரம் ஒருமுறை வடை, அப்பளத்துக்குத் தனியாக விடும் கொஞ்சம் நீங்கலாக, இப்போது மாதச் செலவு ஒன்றரை வீசை. ஆளுக்கு நாளுக்கு 16 கிராம் அளவுக்கு வருகிறது. மிஞ்சிய ஒரு வீசையின் விலை என்ன என்பதைச் சந்தைக்குப் போகிற எவருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதியாகும் பாமாயிலின் விலை ஏறும்போதெல்லாம் கூடவே கடலை எண்ணெயும் ஏறுகிற ஊர் இது. மிச்சப்பட்ட பணத்தில் பாதிக்குப் பாமாயிலை விட்டுவிட்டு மேல் பர்மாவிலிருந்து, அதாவது மாக்வே பக்கத்திலிருந்து, வரும் நல்ல கடலை எண்ணெயே வாங்குகிறோம். குறைவாக வாங்குகிறவனால்தான் நல்லதாக வாங்க முடிகிறது.

வடை சுட்ட எண்ணெயைப் பற்றியும் ஒரு வரி. அதைத் துணியில் வடிகட்டி இரண்டு நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுகிறோம். மறுபடி பொரிக்க வைப்பதில்லை.

அரிசிக்கு இந்த ஊரே ஓர் அளவைக் கொடுத்திருக்கிறது. கெட்டிப்பால் டப்பா. பர்மியர் ‘பியி’ என்று சொல்லும் படிக்கு 8 டப்பா, ஒரு மூட்டைக்கு 24 படி. ஆக மூட்டைக்கு 192 டப்பா. ஒரு டப்பா கால் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். என் பாட்டி காலத்து டப்பா ஒன்று, விளிம்பு தேய்ந்து, பக்கத்தில் ஆணியால் கீறிய கோட்டோடு, எங்கள் அரிசி டிரம்முக்குள்ளேயே கிடக்கிறது. அந்தக் கோடு முக்கால் டப்பாவைக் குறிக்கும். விருந்தாளிகள் எதிர்பாராமல் வந்த நாளில் கடைசி டப்பாவை அந்தக் கோட்டோடு நிறுத்துவாராம். இடையில் எப்போதோ அதை விட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட கிண்ணத்தால் அள்ளத் தொடங்கியிருந்தோம். அளந்து பார்த்தால் நாளுக்கு 6 டப்பா வெந்துகொண்டிருந்தது. அதில் ஒரு டப்பாச் சோறு மறுநாள் பின்சந்து நாய்களுக்குத்தான். 5 டப்பாவாக்கியதும் 32 நாள் வந்த மூட்டை 38 நாள் வருகிறது. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. நாய்களுக்குத்தான் நான் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறேன்.

அரிசியைக் கழுவுவதிலும் ஓர் அளவு உண்டு. தண்ணீர் பளிங்காகும் வரை ஐந்தாறு முறை கழுவி, பிறகு கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், தீட்டிய பச்சரிசியில் எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச பி1 வைட்டமினும் சாக்கடைக்குப் போய்விடும். இது அற்ப விஷயமல்ல. அந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் இந்த நாட்டில் பால்குடிக் குழந்தைகளைக் கொண்டுபோயிருக்கிறது, அதற்காகவே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பி1 மாத்திரை கொடுக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கில மருத்துவர், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் அநேகமாக அதற்குத் தப்பியிருந்ததைக் கவனித்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த புழுங்கலரிசிப் பழக்கத்தை, வெள்ளை வெளேரென்ற சோறுதான் மதிப்பு என்று எண்ணி நாம் கைவிட்டதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்கள் வீட்டில் இரவுக்கு மட்டுமாவது புழுங்கல் என்று ஆக்கியிருக்கிறோம். இரண்டு முறை கழுவுகிறோம். அந்தக் கழுநீரை மாடியிலுள்ள கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறோம்.

இனி ஒழுங்கைப் பற்றி. எங்கள் தலைமுறைக்குச் சேர்த்து வைப்பதில் ஒரு வெறி உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 1964, 1985, 1987 என்று மூன்று முறை இந்நாட்டில் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமானபோது எனக்கு இளவயது. என் தகப்பனார் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சேமிப்பு என்றால் பணமல்ல, பண்டம். மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவோம். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை விடாமல் பெய்யும் மழையில், ஈரம் ஏறாமல் பாதுகாக்க முடியாத பண்டம் சேமிப்பாகாது. சென்ற மழைக்காலத்தில் அடுப்படி மூலையைக் காலி செய்தபோது, ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய பிளாஸ்டிக் பைகளாக 41 எண்ணினேன். அவற்றில் மூன்று பைகளில் மல்லி, இரண்டில் ஒரே மாதிரி சோம்பு, ஒன்றில் பூஞ்சை பிடித்த நிலக்கடலை இருந்தன. பூஞ்சை பிடித்த கடலையிலும் மிளகாயிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது என்பதால் மனம் வலித்தாலும் கொட்டிவிட்டேன்.

இப்போது உப்பு, அரிசி, பருப்பு நீங்கலாக உலர்ந்த பண்டம் எதையும் மழைக்காலத்தில் 10 கியாத்தாவுக்கு மேல், அதாவது வீசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், வாங்குவதில்லை. சூரத்தி பஜாரில் வாங்கி வந்ததும் பை பிரிக்கப்பட்டு, மூடி இறுகும் டப்பாவுக்குப் போய்விடும்; மூடியின் மேல் சுண்ணக்கட்டியால் வாங்கிய தேதியை எழுதுகிறேன். பழையது தீராமல் புதியது வராது. உளுந்தைச் சொல்லவே வேண்டாம். இந்தியா 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது இங்கே உளுந்து விலை எப்படிச் சரிந்தது என்பதைக் கிடங்கிலிருந்து பார்த்தவன் நான். விலை ஏறப்போகிறது என்ற வதந்தியை நம்பி வீட்டில் உளுந்து மூட்டை அடுக்குகிறவர்கள் வண்டுக்குத்தான் சாப்பாடு போடுகிறார்கள்.

சமையற்கட்டை ஒழுங்கு செய்யும்போதுதான் நாங்கள் செய்திருந்த பெரிய பிழை தெரிந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையும் பெரிது. நம் வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைக்கிறோமே, அந்தக் கிண்ணங்களை யாரும் மாதக்கணக்கில் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகஸ்டு மாதத்தில் என் ஏழு வயதுப் பேரனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பிய பிறகு டார்ச் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தேன். பின்கால் கிண்ணத்தில் கொசுப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீர் டிரம்மை வாரந்தோறும் கழுவிக் கவிழ்க்கிற வீடு இது. அடியிலிருந்த கைப்பிடித் தண்ணீரை மறந்துவிட்டோம்.

ரங்கூனில் முதல் பெரிய டெங்குப் பரவல் 1970இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாம் அந்தக் கொசுவின் கணக்கைச் சரியாகப் படிக்கவில்லை. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும்; ஆகவே வாரத்துக்கு ஒருமுறை என்பது யாரோ சும்மா சொன்ன அளவல்ல. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் கரும்புள்ளிகளாக முட்டையை ஒட்டி வைக்கும். அவை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். இங்குள்ள சுகாதாரத் துறையினர் நான்கே பர்மியச் சொற்களில் இதைச் சொல்கிறார்கள்: மூடு, கொட்டு, மாற்று, வடி. சாமி படத்துக்கு முன்னால் வைக்கும் பூச்சாடியையும் குளிர்பெட்டியின் பின்தட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கிண்ணங்களில் தண்ணீருக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலை நிரப்பிவிட்டோம். எறும்பும் ஏறவில்லை.

எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மின்சாரம் முறைவைத்து வந்து போகும் இந்நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தந்திரம் இருக்கும். பருப்பையும் கடலையையும் முன்னிரவே ஊறவைப்பதும், சோறு கொதித்துத் தண்ணீர் வற்றும் தறுவாயில் பானையை இறக்கிப் பழைய கம்பளியில் சுற்றிக் கூடையில் வைத்துத் தானாகப் புழுங்கவிடுவதும் எங்களுக்குக் கரியில் கணிசமாக மிச்சம் காட்டின. கரியடுப்பைச் சன்னல் சாத்திய அறைக்குள் வைக்கக்கூடாது என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதியது தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகத்தான். சமையல் குறிப்புகளில் எண்ணெய்க்கும் உப்புக்கும் தேக்கரண்டிக் கணக்கும், அந்தக் குறிப்பு எத்தனை பேருக்கு என்பதும் அச்சிடப்பட வேண்டும். முடிந்தால் காய்கறிக்கும் புளிக்கும் கிராமோடு வீசைக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் மெட்ரிக் முறை வந்ததோடு வீசை மறைந்துவிட்டது. அங்கே பழைய வீசை 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ. இங்கேயோ வீசை கொஞ்சம் பருத்து இன்றும் ஒவ்வொரு தராசிலும் உட்கார்ந்திருக்கிறது. 400 கிராம் கத்தரிக்காய் என்று நீங்கள் எழுதினால், அந்தக் கணக்கைச் சந்தையில் காய்க்காரப் பெண்ணிடம் நின்றுகொண்டு நாங்கள் மனத்துக்குள் போட வேண்டியிருக்கிறது.

‘தேவையான அளவு’ என்று தாங்கள் விட்டுவைத்த அந்தக் காரக்குழம்பை நான்கு ஞாயிறுகள் செய்து பார்த்து அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து பேருக்குக் கத்தரிக்காய் கால் வீசை, புளி ஒன்றரைக் கியாத்தா, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி. முதல் ஞாயிறு 2 மேசைக்கரண்டி எண்ணெயில் செய்தது அடிப்பிடித்தது. நான்காம் ஞாயிறு செய்ததை என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். திருத்தம் வெளியிடுவதானால் இந்த அளவையே வெளியிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற கணக்கர்,
தாம்வே, ரங்கூன்.